எலிப்பகையும் தீவக வாழ்வும்



உயர்தர வகுப்பிலே ஒருநாள் நற்றிணையின் 83ஆம் பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தலைவன் இரவிலே தலைவியைக் காண வருகிறான். ஊர் வாயிலில், எல்லோரும் நீர் எடுக்கும் துறைக்கு அருகே, தெய்வம் உறையும் பழைய மரமொன்று நிற்கிறது. அதிலே ஊரவரோடு பழகிப்போன கூகை ஒன்று வாழ்கிறது. அது குழறினால் ஊர் விழித்துக்கொள்ளும், களவு வெளிப்பட்டுவிடும். ஆகவே தோழி கூகையை நயந்து கேட்கிறாள்: நெய் பெய்த இறைச்சிச் சோறும் சுட்ட வெள்ளெலியும் நிறையத் தருகிறோம், தலைவன் வரும் வேளையிலே மட்டும் உன் கடுங்குரலை எழுப்பாதே என்று.

நான் உரை சொல்லி முடித்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், சாக்குருவிக்கு ஆரும் சோறு குடுப்பினமோ? எங்கட வீட்டிலை எண்டால் கல்லெடுத்து எறிஞ்சு கலைப்பினம்" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எலியைச் சுட்டு விருந்து வைக்கும் அளவுக்கு மனிதரோடு பழகியிருந்த பறவை, எங்கள் காலத்திலே கல்லெறிக்கு உரியதாகியது எப்படி? அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு, எங்கள் தீவகத்தின் வரலாற்றை எலியின் வழியே சற்று நோக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

பழந்தமிழர் எலியையும் அதன் பகைகளையும் நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 107ஆம் பாட்டிலே, விடியலை அறிவித்துத் தன் துயிலைக் கெடுத்த சேவலைத் தலைவி சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் காட்டுப்பூனைக் குட்டிக்கு நீ இரையாகுக என்பது அவளது சாபம். வெருகு என்னும் காட்டுப்பூனை வீட்டுக்குள் வந்து எலி பிடித்துச் செல்வது அக்காலத்தார்க்கு வியப்பான செய்தியன்று. புறநானூற்றின் 190ஆம் பாட்டிலே சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் களவாய்க் கொண்டுபோய் வளையை நிரப்பும் எலியை உலோபிக்கு உவமையாக்குகிறான். வயலெலி தன் வளைக்குள் களஞ்சியம் கட்டுவதைக் கண்ணாற் கண்ட உழவர் நாட்டு அரசன் அவன். வள்ளுவரோ படைமாட்சி அதிகாரத்திலே, கடல்போலத் திரண்டு இரையும் எலிக்கூட்டம் நாகம் ஒருமுறை மூச்சுவிட அழிந்துபோகும் என்கிறார்.

கூகை, வெருகு, நாகம். இரவிலே எலியை வேட்டையாடும் மூவகை உயிர்களும் இப்படி எங்கள் இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டன. தொல்காப்பிய மரபியலிலும், இளமைப் பெயர் கூறும் இடத்தில் எலியும் வெருகும் ஒரே நூற்பாவிலே அருகருகே நிற்கின்றன. இரண்டின் இளமைக்கும் 'குட்டி' என்ற பெயரே உரியதாம். இலக்கண ஆசிரியர் உண்பதையும் உண்ணப்படுவதையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டார்.

கடல்வழி வந்தது

இனித் தீவகத்துக்கு வருவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டிற்குரிய அக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகர் பாதுகாக்கப்படவேண்டும் என்பதும், மரக்கலம் உடைந்தாற் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதும் அதிலே விதிக்கப்பட்டுள்ளன. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் கொண்டுவந்த கலமானால் ஆளுக்குப் பாதி. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. பின்வந்த போர்த்துக்கேயர் துறைமேடையைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லால் அதனை அழைக்க, அது ஆங்கிலேயர் வாயிலே கயிற்ஸ் ஆயிற்று.

யானை, குதிரை, பண்டம் என்று கணக்கெடுத்த அரசன் கணக்கெடுக்காமல் விட்ட பயணி ஒன்று ஒவ்வொரு கலத்திலும் வந்திருக்கும். கருப்பெலிதான் அது. கூரையிலும் மரத்திலும் கயிற்றிலும் ஏறி ஓடும் இந்த எலியின் தாயகம் இந்தியத் துணைக்கண்டம் என்பர். நங்கூரக் கயிற்றைப் பிடித்தே கப்பலில் ஏறவும் இறங்கவும் வல்லது. 2022இல் வெளியான மரபணு ஆய்வொன்று, கருப்பெலி உரோமர் காலத்தில் ஒரு தடவையும் மத்திய காலத்தில் மறு தடவையுமாக ஐரோப்பாவிற் குடியேறியதைக் காட்டியது. மிளகும் முத்தும் போன வழியால் எலியும் போயிற்று என்க.

இவ்விடத்திலே சுவையான சான்று ஒன்றைக் கூறவேண்டும். செங்கடற் கரையில், எகிப்து நாட்டின் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்திலே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்ட ஓடு ஒன்று கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதனைப் 'பானை ஒறி' என்று வாசித்தார். ஒறி என்பது உறி என்பதன் பழைய வடிவம். உறியிலே கட்டித் தூக்கும் பானை என்பது பொருள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்துபோன தமிழ் வணிகன் ஒருவன், தன் பானையை நிலத்திலே வைக்காமல் உறியிலே தூக்கினான். எதற்கு அஞ்சி உறி கட்டுவோம் என்பதை எங்கள் வீட்டுக் குசினியிலே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எறும்புக்கும் பூனைக்கும் எலிக்கும் அஞ்சித்தானே? அதே செங்கடற் கரையில் பெரெனிக்கே என்ற துறைமுகத்திலே, கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் மனிதரால் அன்போடு புதைக்கப்பட்ட பூனைகளின் எலும்புகளை அகழ்வாளர் கண்டெடுத்துள்ளனர். துறைமுகம் இருந்த இடமெல்லாம் எலி இருந்தது. எலி இருந்த இடத்திலே பூனைக்கு மரியாதை இருந்தது.

கப்பலேறிய எலி பண்டத்தை மாத்திரம் அழிக்கவில்லை. 1894இல் ஹொங்கொங்கிலும் 1896இல் பம்பாயிலும் கொள்ளைநோய் பரவியது. ஹொங்கொங்கிலே அலெக்சாந்தர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898இல் கராச்சியிலே போல் லூயி சிமொந், எலியின் உடலிலே வாழும் தெள்ளுத்தான் நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். 1914இல் அந்நோய் கொழும்பையும் வந்தடைந்தது. அரிசி மூடைகள் அடுக்கிய பண்டகசாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட புறக்கோட்டைப் பகுதியே அதன் உறைவிடமாயிற்று. கொழும்பு நகரசபையின் நுண்ணுயிரியலாளராயிருந்த ஹேர்ஸ்ட், எலித்தெள்ளுகளை இனம்பிரித்து ஆராய்ந்து, எல்லாத் தெள்ளும் ஒரே அளவாக நோயைக் கடத்துவதில்லை என்று கண்டறிந்தார். எலியைப் பற்றிய உலக அறிவுக்கு இலங்கையும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

வீடும் காவலும்

தீவக மக்கள் எலியோடு எவ்வாறு வாழ்ந்தனர்? எலியை ஒழிக்க முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். ஒரு பெண்ணெலி மூன்று கிழமை சுமந்து ஆறேழு குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் மூன்று மாதத்தில் தாமும் ஈனத் தொடங்கும். இந்தக் கணக்கோடு போட்டியிட மனிதனால் இயலாது. ஆகவே அவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தனர்.

முதலாவது, உணவை எலிக்கு எட்டாமல் வைத்தனர். நெல் கொம்பறையிலோ பத்தாயத்திலோ இருக்கும். மூடைகள் நிலத்தைத் தொடாமற் கோர்க்காலியின்மேல் இருக்கும். ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் தீவார் வீடுகளிலே ஆண்டு முழுவதற்குமான சேமிப்பு. பனையோலைக் கடகத்திலும் குட்டானிலும் கட்டிய இவை எலிக்குப் பெருவிருப்பமானவை. அதனால் அவற்றை அடுப்புப் புகை படும் உயரத்திலே, உறியிலோ பரணிலோ வைப்பார்கள். கடற்றொழிலாளர் வலையைத் தடியிலே உயரத் தூக்கி வைப்பதும் இதற்காகத்தான். ஒரு இரவிலே எலி கடித்த வலையைப் பொத்த ஒரு வாரம் செல்லும்.

இரண்டாவது, எலியைத் தின்னும் உயிர்களை அவற்றின் பாட்டில் விட்டனர். என் ஆச்சியின் வீடு வேலணையிலே கிடுகு வேய்ந்த வீடு. கூரைக்குள்ளே ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. பகலிலே அது முகட்டு வளையோரமாய் ஊர்ந்து செல்வதைப் பாயிற் படுத்திருந்தபடியே நான் பார்த்திருக்கிறேன். முதன்முறை கண்டபோது கத்தினேன். ஆச்சி திருநீற்றை நெற்றியிற் பூசிவிட்டுச் சொன்னார்: "சீண்டாதை மோனை. அது தன்ரை பாட்டிலை கிடக்கட்டும். எங்கட நெல்லுக்கு அதுதான் காவல்."

சாரையின் வேகமும் பசியும் பொல்லாதவை. ஆறேழு அடி நீளம் வளரும். நஞ்சு கிடையாது. எலி வளைக்குள்ளே நுழைந்து குட்டிகளையும் விழுங்கிவிடும். பூனை நுழையாத இடம் பாம்புக்கு வாசல். சாரை நாகத்தின் ஆண் என்று ஊரிலே சொல்வது தவறு. இரண்டும் வேறு வேறு இனங்கள். ஆயினும் அந்தத் தவறான நம்பிக்கைகூடச் சாரைக்குப் பாதுகாப்பாக இருந்தது. நாகத்துக்குரிய மரியாதையிலே ஒரு பங்கு சாரைக்கும் கிடைத்தது.

அந்த மரியாதையின் தலைவாசல் நயினாதீவு. கோயிற் கதையை நீங்கள் அறிவீர்கள். புளியந்தீவிலிருந்து நாகமொன்று அம்பாளுக்குப் பூக் கொண்டு கடலிலே நீந்தி வருகிறது. கருடன் அதனைக் கொல்ல வருகிறது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்கிறது, கருடன் எதிரே இன்னொரு கல்லில் அமர்கிறது. அவ்வழியே கப்பலில் வந்த சோழநாட்டு வணிகர் நாகத்தைக் கொல்லாதே என்று கருடனை இரக்கிறார். உன் பொருளையெல்லாம் அம்பாளின் கோயிற்குக் கொடுத்தால் விடுகிறேன் என்கிறது கருடன். அவரும் கொடுக்கிறார். நாகம் சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் இன்றும் காட்டப்படுகின்றன.

இக்கதையைப் பலகாலம் பக்திக் கதையாகவே கேட்டிருந்தேன். இப்போது அதிலே இன்னொன்றும் தெரிகிறது. கப்பல் நிறையப் பண்டம் வைத்திருந்த வணிகன் ஒரு பாம்பின் உயிருக்காக அத்தனையையும் கொடுக்கிறான். கருடனும் கொல்லப்படவில்லை, நாகமும் கொல்லப்படவில்லை. பகையான இரண்டு உயிர்களும் ஒரே கடலிலே இருக்கலாம் என்று கதை முடிகிறது. அக்கதையைக் கேட்டு வளர்ந்த ஊரிலே நாகத்தை அடிக்கக் கை எழாது. பிள்ளைகளுக்கு நாகலிங்கம், நாகமுத்து, நாகம்மா, நாகேஸ்வரி என்று பெயர் வைத்த ஊரவருக்குப் பாம்பு உறவுமுறை ஆகிவிடுகிறது.

நெடுந்தீவிலே வேறொரு காட்சி. அங்கே ஓலைவேலிக்குப் பதிலாகக் கடலிலிருந்து வந்த முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய மதில்கள் வளவுகளைச் சுற்றி நிற்கின்றன. கல்லுக்குக் கல் இடைவெளி. எலிக்கு இதைவிட நல்ல வீடு வேறில்லை. ஆனால் எலி புகும் இடைவெளியிலே பாம்பும் புகும், கீரியும் மோந்து பார்க்கும். வேட்டைக்காரனையும் வேட்டையையும் ஒரே மதில் தாங்கி நிற்கிறது.

பக்தியும் பயமும்

எங்கள் முன்னோர் எல்லாவற்றிலும் அறிவாளிகளாய் இருந்தனர் என்று சொல்ல நான் வரவில்லை. பாம்புக்குக் கிடைத்த மரியாதை ஆந்தைக்குக் கிடைக்கவில்லை. நற்றிணைத் தோழியின் கூகை, பின்வந்த காலத்திலே சாவைக் கூவி அழைக்கும் சாக்குருவியாகிவிட்டது. அதன் குரல் கேட்டால் வீட்டிலே ஒருவர் போவார் என்று கதவைச் சாத்தினர், நெருப்புக் கொள்ளியை எறிந்தனர். நோயாளி இருக்கும் வீட்டிலே இரவு முழுதும் விளக்கெரியும். நடமாட்டமும் இருக்கும். மற்ற நாளிற் கேளாத குரல் அன்று காதில் விழும். அதனாலேயே மரணத்தையும் ஆந்தையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருப்பர் என்று எண்ணுகிறேன். பூனைக்கும் இதே கதி. அடுப்படியிலே அதற்குப் பால், படலையடியிலே குறுக்கே போனால் அபசகுனம்.

பாம்பைப் பக்தி காத்தது, ஆந்தையைப் பயம் கெடுத்தது. ஆனாலும் பனையின் உயரம் ஆந்தையையும் ஓரளவு காத்தது. வட்டு விழுந்த மொட்டைப் பனையின் பொந்திலே அது கல்லெறிக்கு எட்டாமல் வாழ்ந்தது.

1990இலே இந்த ஒழுங்கு குலைந்தது. தீவகத்தைப் போர் சூழ, அவ்வாண்டு வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களிற் பெரும்பாலோர் உடுத்த துணியோடு குடாநாட்டுக்குள் வந்து சேர்ந்தனர். அப்போது நான் சிறுவன். எங்கள் வீட்டுப் பூனையைச் சாக்கிலே கட்டிக்கொண்டு போவோம் என்று நான் அழ, ஐயா என்னைத் தூக்கித் தோணியில் ஏற்றியது நினைவிருக்கிறது. பத்தாயத்திலே அந்தப் போகத்து நெல் அப்படியே கிடந்தது. ஆளில்லாத வீடுகளிலே நெல்லை உண்டு எலி பெருகியிருக்கும், எலியை உண்டு பாம்பு பெருகியிருக்கும். மனிதன் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு நடந்துகொண்டேயிருக்கும்.

போர் முடிந்த மறுவருடம், 2010இல், அந்த வளவிலே வீட்டைத் திருத்திக்கொண்டு நாங்கள் குடியேறினோம். ஆச்சி இப்போது இல்லை. கிடுகுக்குப் பதில் ஓடு. முதற் கிழமையிலேயே கூரைக்குள் சரசரப்புக் கேட்டது. கூலிக்கு வந்தவர்கள் ஒரு சாரையைக் கண்டு அடித்துப் போட்டார்கள். நான் தடுக்கவில்லை. நகரத்திலே இருபது வருடம் வளர்ந்தவனுக்கு அது வெறும் பாம்பாகவே தெரிந்தது. ஆறு மாதத்தில் எலி வந்தது. புத்தக அலுமாரியிலே வைத்திருந்த பழைய பதிப்புகள் இரண்டின் முதுகை அரித்தது. அரிசி வாளியின் மூடியைக் கடித்தது. மின்கம்பியையும் கடித்தது. நான் ஊர்கூடிச் செய்யும் காரியத்தைச் செய்தேன். கடையிலே எலிப்பாஷாணம் வாங்கி வைத்தேன்.

எலிகள் செத்தன. மூன்றாம் நாள் விடியற்காலை கிணற்றடிக்குப் போன அம்மா என்னைக் கூப்பிட்டார். வடக்கு வேலியோரத்துப் பனையின் அடியிலே வெள்ளை முகத்து ஆந்தை ஒன்று சிறகை விரித்தபடி கிடந்தது. உடலிலே காயம் இல்லை. நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாட்கள் தள்ளாடித் திரியும். அப்படித் திரிவதுதான் ஆந்தைக்கு எளிதாய் அகப்படும். "சனியன் துலைஞ்சுது எண்டு சொல்லுவினம்" என்றார் அம்மா. ஆனால் அவர் முகத்திலே ஆறுதல் இல்லை. நான் அதனைப் பனையடியிலேயே புதைத்தேன். அடுத்த மாரிக்குள் எலி முன்னிலும் பெருகிவிட்டது.

நஞ்சின் கணக்கு

ஏன் பெருகியது? இதற்கு விடை எளிது. இரை வேகமாகப் பெருகும், இரைதேடி மெதுவாகப் பெருகும். இரண்டின் தொகையும் ஒன்றையொன்று தொடர்ந்து ஏறியும் இறங்கியும் வருவதை 1925இல் லொட்காவும் 1926இல் வொல்தேராவும் கணித முறையாலே விளக்கினர். இரண்டையும் ஒரே நேரத்தில் அழித்தால் முதலிலே தலைதூக்குவது இரையே. எலி மூன்று மாதத்திலே தன் இழப்பை ஈடுசெய்துவிடும். சாரையும் ஆந்தையும் அப்படி முடியாதன. நாங்கள் நஞ்சு வைக்கும்போது எலிக்கு ஒரு தடவையும் அதன் பகைக்கு ஒரு தடவையும் வைக்கிறோம். தப்பிய எலிக்கு எஞ்சுவது பகையற்ற நாடு.

எலியும் நஞ்சைப் பழகிக்கொள்ளும். இரத்தத்தை உறையவிடாத வார்பரின் என்னும் மருந்து 1948 அளவில் எலிநஞ்சாகப் பரவியது. பத்தே ஆண்டில், 1958இல், ஸ்கொட்லாந்திலே அதற்கு அசையாத எலிகள் காணப்பட்டன. பின்பு அதனினும் கொடிய நஞ்சுகளை உண்டாக்கினர். அவை எலியின் ஈரலிலே நீண்டநாள் தங்கி, எலியைத் தின்னும் பறவையின் ஈரலுக்கும் மாறுகின்றன. எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதை என்று எங்கள் ஊரிலே சொல்வது இதற்குத்தான் பொருந்தும்.

அப்படியானால் எலியின் பகையை வெளியிலிருந்து கொண்டுவந்து விடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். உலகம் அதனையும் செய்து பார்த்துவிட்டது. 1872இல் ஜமேக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் கொண்டுபோய் விடப்பட்டன. 1883இல் ஹவாய்த் தீவுகளுக்கும் கீரிகள் போயின. கீரி பகலிலே வேட்டையாடுவது, எலி இரவிலே திரிவது. சில காலம் எலி குறைந்தது. பின்பு கீரிகள் கோழியையும், நிலத்திலே கூடுகட்டும் பறவைகளையும், அவற்றின் முட்டைகளையும் தின்னத் தொடங்கின. எலி மரத்திலே ஏறித் தப்பிக்கொண்டது. எங்கள் வளவிலே கீரி நல்ல அயலவன். அதே கீரி கடல் கடந்த தீவிலே கொள்ளைக்காரன். ஆகவே புதிய பகையைத் தேடுவதிலும், இருக்கும் பகையைக் காப்பதே அறிவு.

இதற்கும் உதாரணங்கள் உண்டு. எங்கள் பாட்டன்மார் எழுதுவினைஞராய்ப் போன மலாயாவிலே, இறப்பர் நின்ற இடங்களிற் பல இன்று செம்பனைத் தோட்டங்கள். செம்பனைக் குலையை எலி அரிக்கும். அங்கே 1980கள் தொடக்கம் தோட்டங்களிலே கம்பங்கள் நாட்டி, ஆந்தைக்குப் பலகைக் கூடுகள் அமைத்துவருகின்றனர். தமிழ்நாட்டிலோ இன்னொரு பாடம். நெல்வயற் சாரைகளின் தோலை உரித்து ஏற்றுமதி செய்த வணிகம் பல்லாண்டு நடந்தது. 1976இல் இந்திய அரசு பாம்புத்தோல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர் பிழைப்பு இழந்தனர். 1978இல் றொமுலஸ் விற்றேக்கரின் முயற்சியாலே மாமல்லபுரத்தருகே இருளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன்பின் அவர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, உயிரோடு விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. இருளர் எலிபிடிப்பதிலும் வல்லவர். வளையைத் தோண்டி எலியையும், அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வர். சோழன் நல்லுருத்திரன் கண்ட வளை இன்றும் நெல்லால் நிறைந்தே இருக்கிறது.

இன்று செய்யத்தக்கது

இது இலக்கியச் சுவைக்காக மாத்திரம் பேசும் பேச்சன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலின் கிருமியை 1915இல் யப்பானியரான இனாடாவும் இடோவும் கண்டறிந்தனர். இலங்கையின் வயற்புறங்களுக்கு அது புதிய நோயன்று. ஆனால் 2024 டிசெம்பரில், மழைவெள்ளத்தை அடுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காய்ச்சலாற் சிலர் உயிரிழந்து, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானபோது எல்லோரும் திடுக்கிட்டோம். எங்கள் மாணவர் பலர் வயலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். அந்த மாதம் வகுப்பிலே ஒரு வாங்கு வெறுமையாய் இருந்தாலும் மனம் பதறியது. காலிலே புண்ணோடு வெள்ளத்தில் இறங்காதிருத்தல், காய்ச்சல் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் போதல், வயலிலே வேலை செய்வோர் சுகாதாரப் பகுதியினர் தரும் தடுப்பு மருந்தை எடுத்தல் ஆகியவற்றை நாங்கள் ஒவ்வொரு மாரிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

அதனோடு எலியின் தொகையைக் குறைக்கவும் வேண்டும். குப்பையைத் திறந்த வெளியிலே கொட்டினால் ஆயிரம் ஆந்தையும் போதா. உணவை மூடிவைப்பதே முதற்காவல். உறி கட்டிய கிழவிகள் அதனை எங்களிலும் நன்றாக அறிந்திருந்தனர். எலிப்பொறி வைக்கலாம். வயலிலே ஆங்காங்கு தடி நாட்டினால் இரவிலே ஆந்தை வந்து குந்தும். மொட்டைப் பனையை விறகுக்குத் தறிக்கும்முன் அதன் பொந்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். நஞ்சு வைத்தே ஆகவேண்டிய இடமென்றால், செத்த எலிகளைத் தேடியெடுத்து ஆழப் புதைப்பது கடமை.

பாம்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நாகமும் புடையனும் கடித்தால் உயிர் போகும். அவற்றை வீட்டுக்குள்ளே வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. இரவிலே ரோர்ச் இல்லாமல் நடக்கக்கூடாது, கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீட்டிலே எலி மலிந்தால் அதனைத் தேடியே பாம்பு உள்ளே வரும் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் வேலியோரம் போகும் சாரையை அடிப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. சாரையை இனம் காணப் பிள்ளைகளுக்குப் பழக்கினால் அதுவே பெரிய காரியம்.

சென்ற மாசி மாதம் வடக்கு வேலிப் பனையிலே மீண்டும் ஒரு சோடி ஆந்தை வந்து சேர்ந்தது. நஞ்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இரை முழுவதையும் விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கிக் கக்கிவிடுவது ஆந்தையின் இயல்பு. பனையடியிலே கிடந்த அத்தகைய உருண்டைகள் சிலவற்றைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நற்றிணைப் பாட்டை மறுபடி வாசித்துவிட்டு, உருண்டைகளை மாணவரிடம் கொடுத்தேன். கேள்வி கேட்ட அதே மாணவன் முன்னுக்கு வந்து ஒன்றை நீரிலே ஊறவைத்துக் குச்சியாலே பிரித்தான். மூன்று எலித் தலையோடுகள் இருந்தன. ஏனையவற்றையும் பிரித்து, கரும்பலகையிலே எண்ணி எழுதினார்கள். பதினொன்று வந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தக் கணக்கைச் சொன்னேன். இரவு ஆந்தை கத்தியபோது அம்மா வழக்கம்போல யன்னலைச் சாத்த எழுந்தார். பிறகு ஏதோ நினைத்தவராய்த் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். "இருந்திட்டுப் போகட்டும்" என்றார்.